சமூகநீதிப் பாடத்தை நீதியோடு நடத்துவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சமூகநீதி சார்ந்த பாடத்தை முதன்முறையாக எடுக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் வாசிப்புப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தக் கட்டுரை, எந்தச் சிந்தனையாளர், எந்த ஆவணப்படம் என்று தேடுவதிலேயே விடுமுறை கரைந்துவிடுகிறது. மதிப்பெண் முறையும் தாமத விதியும் சென்ற ஆண்டுத் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படுகின்றன. விளைவு: சமத்துவம் பற்றிக் கட்டுரை படித்த மாணவி, பகுதிநேர வேலையில் நேரம் மாறியதால் ஒருநாள் தாமதமாக ஒப்படைத்து, பூஜ்யம் வாங்குகிறாள். அந்தப் பாடத்தில் அவள் கற்றது அந்தப் பூஜ்யத்தைத்தான்.

எனவே இங்கே வரிசை வேறு. முதலில் விதிகள், பிறகு வாசிப்பு, அதன் பிறகுதான் வகுப்பறை. நீங்கள் நடத்துவது வேதியியலோ கணக்கோ என்றாலும் 3, 4, 7 ஆகிய பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

1. ஆறு வாரத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டியவை

முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சராசரி மட்டும் போதாது. எந்தத் தேர்வுக்குப் பிறகு மாணவர்கள் வராமல் போனார்கள், எந்தக் கேள்வியில் பாதிப்பேர் விழுந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இறுதித் தேர்வின் பங்கை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். அகமதிப்பீட்டை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் முடிவாக இருக்கலாம். மாற்ற முடியாததோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து, மாற்ற முடிந்ததை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி, மனநல ஆலோசனை, பாலியல் தொல்லைப் புகார் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று இப்போதே அறிந்துவையுங்கள். மாணவர் சொல்லும் எதை நீங்கள் நிர்வாகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை அறியாமல் "என்னிடம் எதையும் சொல்லலாம், வெளியே போகாது" என்று வாக்குக் கொடுத்தால், பிறகு அதைக் காப்பாற்ற முடியாது.

ஆறு வாரம் எதற்கு? பாடநூலைப் பிரெய்லிலோ ஒலிவடிவிலோ மாற்றித் தர வேண்டுமென்றால் அது இரண்டு நாள் வேலை அல்ல.

2. என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். என்ன நம்ப வேண்டும் என்று அல்ல

"மாணவர்கள் சமத்துவத்தை மதிப்பார்கள்" என்று பாடத்திட்டத்தில் எழுதுவது எளிது. அதற்கு மதிப்பெண் போட முடியாது. போட்டால் அது நம்பிக்கைக்குப் போடும் மதிப்பெண்ணாகிவிடும். "ஆட்சேர்ப்பு விதி ஒன்றை எடுத்து, அது யாரை விலக்குகிறது என்பதைச் சான்றுகளோடு காட்டுவார்கள்" என்று எழுதுங்கள். இதைச் சோதிக்கலாம், கற்றுத்தரலாம், தவறினால் திருத்தலாம்.

ஆசிரியரின் சார்பு என்ன என்பதை மாணவர்கள் இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நம்பிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்று தோன்றினால், பாதிப்பேர் அந்தச் சார்பையே தாளில் திருப்பி எழுதுவார்கள். மீதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டும் கல்வி அல்ல.

எழுதி முடித்த ஒவ்வொரு நோக்கத்தையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: என் நிலைப்பாட்டை முற்றிலும் மறுக்கும் மாணவர் இதில் முழு மதிப்பெண் வாங்க முடியுமா? முடியாது என்றால் அந்த நோக்கத்தை மாற்றி எழுதுங்கள்.

3. வாசிப்புக்கு முன்னால் மதிப்பெண் முறை

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். விலக்கல் பெரும்பாலும் கூட்டல் கழித்தலில்தான் ஒளிந்திருக்கிறது.

ஐந்து ஒப்படைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் 80 வாங்கிய மாணவர் ஒன்றைத் தவறவிட்டுப் பூஜ்யம் வாங்குகிறார். சராசரி 64 ஆகிவிடுகிறது. அவருடைய அறிவு 80-லிருந்து 64-க்கு இறங்கவில்லை. ஒரு வாரம் அவருக்குச் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். ஐந்தில் மிகக் குறைந்த ஒன்றை நீக்கிவிடுவது என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வைத்தால் சராசரி 80-லேயே நிற்கும். கெஞ்சலும் இல்லை, சலுகையும் இல்லை.

தாமத விதியிலும் இதே முறைதான். "தகுந்த காரணம் இருந்தால் பரிசீலிக்கப்படும்" என்ற வரி நல்லெண்ணத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் கல்லூரியின் பழக்கவழக்கம் வீட்டிலேயே தெரிந்த மாணவர்தான் வந்து கேட்பார். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தயங்குவார். காரணம் சொல்லாமலேயே 48 மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை ஒவ்வொருவருக்கும் செமஸ்டரில் இரண்டு முறை கொடுங்கள். இறப்புச் சான்றிதழையும் மருத்துவச் சீட்டையும் மாணவர் உங்கள் மேசையில் நீட்ட வேண்டிய நிலை பெருமளவு குறைந்துவிடும்.

வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். உரக்கப் பேசப் பழகியவர்களுக்கே அது போய்ச் சேரும். பங்கேற்புக்கு மதிப்பெண் வேண்டுமானால், வகுப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் எழுதித் தரும் ஒரு துண்டுச்சீட்டு, மற்றவரின் வாதத்தைச் சுருக்கி எழுதுவது, குழுவுக்குக் குறிப்பெடுப்பது என்று பல வழிகளைத் திறந்துவிடுங்கள்.

திருத்தும்போது பெயரை மறைத்துப் பதிவெண்ணை மட்டும் வைத்துத் திருத்துங்கள். ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்துவதைவிட, எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாவது கேள்வி என்று போவது நல்லது. இடையே தாள்களைக் கலைத்துவிடுங்கள். ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற குணங்களைப் பற்றிய மதிப்பீட்டிலும் படிந்துவிடுகிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே காட்டினார். முதல் விடை நன்றாக இருந்தால் இரண்டாவதும் நன்றாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மொழித் திறனைச் சோதிக்காத பாடத்தில் மொழிப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பொருள் புரியாத இடத்தில் மட்டும் குறைக்கலாம். அதையும் மதிப்பீட்டு அளவுகோலில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

4. ஒப்படைப்புத் தாளில் மூன்று விஷயங்கள்

"பாகுபாடு குறித்து விமர்சன நோக்கில் 1500 சொற்களில் ஆராய்க." இப்படி ஒரு வரி கொடுத்தால் வகுப்பில் இரண்டு வகையினர் உருவாகிவிடுவார்கள். ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்று ஊகிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை, தெரியாதவர்கள் இன்னொரு வகை. உழைப்பில் இரு சாராரும் சமமாக இருக்கலாம்.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி-ஆன் விங்கெல்ம்ஸ் முன்னெடுத்த முறை இங்கே கைகொடுக்கும். ஒவ்வொரு ஒப்படைப்பிலும் மூன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது எதற்காக, என்ன செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பிடப்படும். மேலே உள்ள வரி அப்போது இப்படி மாறும்:

எதற்காக: சாதாரணமாகத் தோன்றும் விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்று கண்டறியப் பழகுவதற்காக.

செய்ய வேண்டியது: ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயமாக நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். தந்தை பெயர் தெரியாதவர், நிரந்தர முகவரி இல்லாதவர், ஆண் பெண் என்ற இரண்டு கட்டங்களில் அடங்காதவர், படிவம் அச்சாகியிருக்கும் மொழியை வாசிக்க முடியாதவர் எங்கே தடுக்கப்படுகிறார்கள்? மூன்று தடைகளை விளக்கி, படிவத்தின் தேவை கெடாமல் ஒன்றைத் திருத்திக் காட்டுங்கள்.

மதிப்பீடு: தடைகளைச் சரியாகச் சுட்டியதற்கு 10, சான்றுக்கு 10, திருத்தம் நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு 10.

இதோடு முந்தைய ஆண்டின் நல்ல விடை ஒன்றை, எழுதியவரின் அனுமதி பெற்று, பெயரை நீக்கி இணையுங்கள். அளவுகோலைச் சொல்லால் விளக்குவதைவிட மாதிரி விடை வேகமாகப் புரியவைக்கும்.

புதியவர்கள் மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு: "நீங்கள் சந்தித்த ஒடுக்குமுறையை எழுதுக" என்று கேட்பது. மறைத்து வைத்திருக்கும் சாதியையோ நோயையோ பாலின அடையாளத்தையோ மதிப்பெண்ணுக்காக வெளியே சொல்ல வேண்டிய நெருக்கடி அது. மேலும், ஒருவரின் காயத்துக்கு 30-க்கு 17 என்று எப்படிப் போடுவீர்கள்? சொந்த அனுபவத்தை எழுத விரும்புபவர் எழுதட்டும். பொதுவெளியை ஆராயும் மாற்றுக் கேள்வி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

5. வாசிப்புப் பட்டியல்

இப்போதுதான் கட்டுரைகளைத் தேடுங்கள். பட்டியல் தயாரானதும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பேசுவது யார், யாரைப் பற்றி? ஒடுக்கப்பட்ட மக்கள் பதினைந்து வாரமும் பேசப்படும் பொருளாகவே இருந்து, பேசுபவராக ஒரு வாரம்கூட வரவில்லை என்றால் பட்டியலை மாற்ற வேண்டும். பெண்களுக்கு ஒரு வாரம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வாரம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. மற்ற வாரங்கள் எல்லாம் பொதுவானவை, இவர்கள் மட்டும் விதிவிலக்கு என்ற பாடத்தையே அந்த அமைப்பு கற்பிக்கும்.

துயரத்தை மட்டும் அடுக்காதீர்கள். அந்த மக்கள் எழுப்பிய அமைப்புகள், வென்ற வழக்குகள், தங்களுக்குள் நடத்திய கருத்து மோதல்கள் ஆகியவையும் வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மாணவர்களுக்குப் பரிதாபம் மட்டும் மிஞ்சும். அந்தச் சமூகத்து மாணவருக்குக் கூச்சம் மிஞ்சும்.

கோட்பாட்டுக்கு முன்னால் நிகழ்வைக் கொடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்த வழக்கு: ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964-க்கு முன்னர் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னர் பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு நடந்தபோது, 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். இதுவரை மட்டும் சொல்லி, நீங்களே நீதிபதி என்று வகுப்பிடம் விட்டுவிடுங்கள். பெண் என்பதால் பாகுபாடா? நிறுவனம் வெள்ளையினப் பெண்களை முன்பே எடுத்திருந்தது. இனத்தால் பாகுபாடா? அந்தக் கோரிக்கையை நிறவெறி குறித்த வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னது நீதிமன்றம். இரண்டையும் இணைத்து முறையிடும் உரிமையை ஏற்கவில்லை. மாணவர்கள் அரைமணி நேரம் இதோடு மோதிய பிறகு, இந்த வழக்கை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் முன்வைத்த ஊடுவெட்டு ஒடுக்குமுறை (இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்பவர் படும் ஒடுக்குமுறை) என்ற கருத்தை அறிமுகப்படுத்துங்கள். அதற்குள் அந்தக் கருத்து தேவைப்படும் இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்திருப்பார்கள். கோட்பாட்டை முதலில் கொடுத்தால் வரையறை மனப்பாடமாகும், வேறெதுவும் நடக்காது.

கோப்புகளையும் சரிபாருங்கள். பிடிஎஃப் கோப்பைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் தேர்வு செய்ய முயலுங்கள். எழுத்து பிடிபடவில்லை என்றால் அது வெறும் படம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டுநெறி. வரைபடங்களில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபடுத்தாதீர்கள். காணொளிக்கு வசன வரிகள் கட்டாயம். தானியங்கி வரிகள் என்றால் முன்பே ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். விலைகொடுத்து வாங்க வேண்டிய நூல் என்றால், நூலகத்தில் படி இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. முதல் வாரம்

"எழுந்து நின்று பெயர், ஊர், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லுங்கள்." இந்த வழக்கத்தைக் கைவிடுங்கள். ஐந்தே நிமிடத்தில் வகுப்பு தனக்குள் படிநிலையைக் கட்டிக்கொண்டுவிடும். மீதி செமஸ்டர் முழுவதும் அதைக் கலைக்க முடியாது.

பதிலாக, உங்களுக்கு மட்டும் வந்து சேரும் படிவத்தைக் கொடுங்கள். எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறீர்கள், அதை எப்படி உச்சரிக்க வேண்டும், வேலைக்குப் போகிறீர்களா, வீட்டில் இணைய வசதி எப்படி, இந்தப் பாடத்தில் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடியது என்ன? இவை போதும். சாதி, மதம், குறைபாட்டின் பெயர் எதையும் கேட்காதீர்கள். என்ன தேவை என்று தெரிந்தால் உதவ முடியும். ஏன் தேவை என்பது அவர் விருப்பப்பட்டால் சொல்ல வேண்டியது. வருகைப்பதிவை உரக்க வாசிப்பது இந்தப் படிவம் வந்த பிறகுதான்.

உரையாடல் விதிகளை மாணவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். "ஒருவரையொருவர் மதிப்போம்" என்பது விதி அல்ல, ஆசை. "குறுக்கே பேசமாட்டோம், கருத்தை எதிர்த்துப் பேசுவோம், ஆளை அல்ல, இங்கே கேட்ட சொந்தக் கதையை வெளியே சொல்லமாட்டோம்" என்று கண்ணால் பார்க்கக்கூடிய நடத்தையாக எழுதினால்தான் மீறும்போது சுட்டிக்காட்ட முடியும்.

7. அன்றாட வகுப்பு

விரிவுரையை மட்டும் நம்பாதீர்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வு, மாணவர்களே பேசியும் செய்தும் கற்கும் செயல்வழி வகுப்புகளோடு ஒப்பிட்டால், விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு 1.5 மடங்கு என்று கண்டது. பின்தங்க வைக்கப்பட்ட பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி, செயல்வழி வகுப்புகளில் 33 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோதே விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும்; மனதுக்குள் எண்ணிப் பழகுங்கள். முதலில் தனியாக எழுது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, அதற்குப் பிறகு வகுப்பில் சொல் என்ற வரிசையும் இதே காரணத்துக்காகத்தான்.

குழுக்களை நீங்களே பிரியுங்கள். "உங்களுக்குள் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் ஒரு சிலர் எப்போதும் மிச்சமாக நிற்பார்கள். வேலைகளைச் சுழற்சியில் கொடுங்கள். இல்லாவிட்டால் குறிப்பெடுப்பது பெண்கள் தலையிலும், மேடையில் பேசுவது ஆண்கள் கையிலும் போய் நின்றுவிடும். உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப்பிரிவினை நீங்கிய வகுப்புகளில் மோதல் இருந்த நேரத்தில், வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது: பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது.

8. சூடான விவாதம்

தலைப்பை அமைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். "இட ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குத் தகுதி இருக்கிறதா?" என்று விவாதம் வைத்தால், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் சிலரின் இருப்பே வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது. "தகுதியை எந்த அளவுகோல்களால் அளக்கிறோம், ஒவ்வொன்றும் எதைத் தவறவிடுகிறது?" என்று கேட்டால் அதே கருத்து வேறுபாடுகள் எல்லாம் வரும், யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை.

"நீங்கள் அந்தச் சமூகம்தானே, நீங்களே சொல்லுங்களேன்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஒரு மாணவர் ஒரு சமூகத்தின் பேச்சாளர் அல்ல. அவரும் படிக்கத்தான் வந்திருக்கிறார்.

வன்முறை குறித்த பகுதி வரும் வகுப்பை முந்தைய வாரமே அறிவித்துவிடுங்கள். நேரில் இருக்க முடியாதவருக்கு அதே பாடத்தை வேறு வழியில் முடிக்க வாய்ப்புக் கொடுங்கள்.

புண்படுத்தும் சொல் ஒன்று வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் நிறுத்துங்கள். "ஒரு நிமிடம், இந்த இடத்தில் நிற்போம்" என்பது போதும். கேட்காததுபோலக் கடந்து போனால், புண்பட்டவருக்கும் சொன்னவருக்கும் அது உங்கள் ஒப்புதலாகவே படும். அடுத்து, சொல்லை ஆளிடமிருந்து பிரியுங்கள்: "இந்தக் கருத்து வெளியே பரவலாக இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் அனுமானம் என்ன?" மூன்றாவதாக, எல்லோரையும் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது சூடு தணியும். புண்பட்டவர் உடனே பதில் பேச வேண்டிய சுமையும் நீங்கும். அதன் பிறகு பாடத்தில் படித்த சான்றுகளைக் கொண்டு அந்த அனுமானத்தைச் சோதியுங்கள். உண்மைக்குப் புறம்பானது என்றால் அப்படியே சொல்லுங்கள். நடுநிலை என்ற பெயரில் பொய்க்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

கருத்து என்ற எல்லையைத் தாண்டி, குறிப்பிட்ட மாணவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ இந்த வரிசை பொருந்தாது. அங்கே விவாதம் கிடையாது. வகுப்பை நிறுத்தி, நிறுவன விதிப்படி அன்றே புகாராகப் பதிவு செய்யுங்கள்.

வகுப்பு முடிந்ததும் இருவரிடமும் தனித்தனியே பேசுங்கள், முதலில் புண்பட்டவரிடம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். சொன்னவரிடம், அவர் அடுத்த வகுப்புக்கு வர வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் வராமல் போனால் கற்பிக்கும் வாய்ப்பே போய்விடும்.

9. நான்காவது வாரத்தில் கேளுங்கள்

பெயர் எழுதாத சீட்டில் மூன்று கேள்விகள்: எது கற்க உதவுகிறது, எது தடுக்கிறது, எந்த மாற்றம் வேண்டும்? அடுத்த வகுப்பிலேயே பதில் சொல்லுங்கள். இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது. செமஸ்டர் கடைசியில் கேட்பது அடுத்த ஆண்டு மாணவருக்குப் பயன்படலாம், சொன்னவருக்குப் பயன்படாது. கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பது கேட்காததைவிட மோசம்.

10. தேர்வு முடிந்த பிறகு

1-ஆவது பகுதியில் வாங்கிய பட்டியலை எடுத்து, இந்த ஆண்டின் பட்டியலோடு பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தேர்ச்சியைவிடக் கேள்விவாரியாகப் பார்ப்பது பயன் தரும். வேலைக்குப் போகும் மாணவர்கள் எந்த ஒப்படைப்பில் சறுக்கினார்கள்? 48 மணி நேர வாய்ப்பை யார் பயன்படுத்தினார்கள், யார் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை? பயன்படுத்தாமல் தோற்றவர்கள் இருந்தால், விதியை அறிவித்த முறையில் குறை இருக்கிறது. அடுத்த முறை ஒவ்வொரு ஒப்படைப்புத் தாளின் தலையிலும் அதை அச்சிடுங்கள். பத்துப் பதினைந்து பேரின் மதிப்பெண்ணை வைத்து ஒரு பிரிவினரைப் பற்றிப் பெரிய முடிவுக்கு வராதீர்கள்; இரண்டு மூன்று செமஸ்டர் சேர்ந்த பிறகே போக்கு தெரியும்.

மாற்றியவற்றையும் அவற்றின் காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதித் துறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் பாடம் வேறொருவர் கைக்குப் போகலாம். அவருக்கு வாசிப்புப் பட்டியலைவிட முதலில் தேவைப்படுவது இந்தப் பக்கம்தான்.